கை கழுவும் குழாயில் நீலத் தண்ணீர்: எந்த வால்வு வாங்குவது?

கேள்வி: அப்பா நடத்திவந்த சாயப்பட்டறையை ஒரு வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். துணிக்குச் சாயம் ஏற்றுகிற சாஃப்ட் ஃப்ளோ மெஷின் ஆறு, ஒரு பாய்லர். போன மாதம் கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறிய நேரத்தில், கேன்டீன் பக்கம் இருக்கும் கை கழுவும் குழாயில் வெளிர்நீலமாக, சோப்புக் கலந்ததுபோல் வழுவழுப்பாகத் தண்ணீர் வந்தது. இரண்டு பேருக்குக் கையில் எரிச்சல். ஃபிட்டர் மெயின் லைனில் புது என்.ஆர்.வி. (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடுகிற வால்வு) போட்டார். மூன்று வாரத்தில் மறுபடியும் லேசாக நிறம் வருகிறது. பாய்லர்காரரும் தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸில் நுரை தட்டுகிறது என்கிறார். இன்னொரு என்.ஆர்.வி. சேர்த்துப் போடலாம் என்கிறார் ஃபிட்டர். இறக்குமதி வால்வு ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் பிரச்சினையே இல்லை என்கிறார் கடைக்காரர். இருபது வருசமா இப்படித்தான் ஓடுது என்கிறார் அப்பா. எதை வாங்கட்டும்?
– பெயர் வேண்டாம், திருப்பூர் மாவட்டம்

பதில்: அம்மணி, வால்வுப் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்வோம். முதலில் அந்தக் குழாயையும், அதே கிளையில் இருக்கும் மற்றக் குழாய்களையும் இன்றைக்கே மூடச் சொல்லுங்கள். குடிக்க, சமைக்க, கை கழுவக் கேன் தண்ணீர் வரட்டும். நீல நிறத்தைப் பார்த்து நீங்கள் பயந்திருப்பீர்கள். எனக்குக் கவலை, நீங்கள் எழுதிய வழுவழுப்பைப் பற்றித்தான். அது காரம், காஸ்டிக் சோடாவாகவோ சோடா ஆஷாகவோ இருக்கும். தோலில் உள்ள கொழுப்பைச் சோப்பாக மாற்றுவதால்தான் விரலில் வழுக்குகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு காஸ்டிக் கலந்தாலே தண்ணீரின் பி.எச். 12ஐத் தாண்டிவிடும். உங்கள் நல்ல நேரம், சாயமும் சேர்ந்து வந்து காட்டிக்கொடுத்தது. வெள்ளை ஓடுகிற நாளில், பிளீச்சிங் குளியலிலிருந்து இதே கோளாறு நடந்திருந்தால் தண்ணீர் தெளிவாகவே வந்திருக்கும். யாராவது அதில் முகமும் கழுவியிருப்பார்கள்.

இன்னொன்றும் இன்றைக்கே பாருங்கள். கலர் கிச்சன் (சாயம் கரைக்கிற இடம்) பக்கத்தில் கண் கழுவும் குழாயும் அவசர ஷவரும் வைத்திருப்பீர்கள். அவை எந்த லைனில் மாட்டியிருக்கின்றன? நான் பார்த்த பட்டறைகளில் பாதிக்கு மேல், பக்கத்தில் போகிற மெஷின் தண்ணீர் லைனில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு எடுத்திருக்கிறார்கள். பைப் மிச்சம், வேலையும் மிச்சம். ஆனால் காஸ்டிக் தெறித்த கண்ணை நல்ல தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். கெட்டுப்போன அதே லைனிலிருந்து அந்தத் தண்ணீர் வருமென்றால் அந்தக் குழாய் இல்லாமலிருப்பதே மேல். தனி டேங்க், தனி லைன். இதில் பேரமே கிடையாது.

இனி, தண்ணீர் எப்படித் திரும்பி வந்தது என்று பார்ப்போம். ஓவர்ஹெட் டேங்கிலிருந்து மெஷினுக்குப் போகிற தண்ணீர் அந்தத் திசையில்தான் போகும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தண்ணீருக்குத் திசை தெரியாது; அழுத்தம் குறைந்த பக்கம் போகும், அவ்வளவுதான். உங்கள் பட்டறையில் அது பின்னோக்கிப் போக இரண்டு வழி உண்டு. ஒன்று, தண்ணீர் லைன் உறிஞ்சுவது. இன்னொன்று, கெமிக்கல் பக்கம் தள்ளுவது.

உறிஞ்சுவதை முதலில் சொல்கிறேன். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். உங்கள் டேங்க் தரையிலிருந்து ஒன்பது பத்து மீட்டரில் இருந்தால் கீழே கிடைப்பது அந்த ஒரு பார்தான். இரண்டு மெஷினுக்கு ஒரே நேரத்தில் மூன்று இஞ்ச் வால்வைத் திறந்து தண்ணீர் நிரப்பும்போது ஹெடரில் (கிளைகள் பிரிகிற பெரிய பைப்பில்) அது சட்டென்று விழுந்துவிடும். கரண்ட் போய்ப் பம்ப் நிற்கும்போது இன்னும் மோசம். பம்பின் உறிஞ்சு பைப் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு கசிந்தால் லைனில் நிற்கிற தண்ணீர் சம்ப்பை நோக்கி இறங்கும். இறங்கும்போது பின்னாலிருப்பதை இழுத்துக்கொண்டு போகும். அந்த நேரத்தில் கலர் கிச்சனில் குழாயில் மாட்டிய ஓஸின் முனை சாயம் கரைக்கிற டேங்குக்குள் முங்கிக் கிடந்தால், இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிற மாதிரி, கரைசல் அப்படியே லைனுக்குள் ஏறிவிடும். கரண்ட் வந்து அழுத்தம் திரும்பியதும் அது எந்தக் குழாய் திறந்திருக்கிறதோ அங்கே போய் எட்டிப் பார்க்கும்.

தள்ளுவது வேறு விதம். பாலியஸ்டர் ஓட்டும்போது மெஷினை 130 டிகிரிக்கு ஏற்றுகிறீர்கள். அந்தச் சூட்டில் தண்ணீரின் ஆவியழுத்தம் மட்டுமே வெளிக்காற்றைவிடச் சுமார் 1.7 பார் அதிகம். மேலே டேங்கிலிருந்து வருவதோ ஒரு பார். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு ஃபில்லிங் வால்வின் சீட் (மூடும்போது வால்வு அழுந்தி உட்காரும் இடம்) மட்டும். அதில் கொஞ்சம் பஞ்சு மாட்டியிருந்தால் போதும், மெஷினுக்குள் இருப்பது தண்ணீர் லைனுக்குள் போய்விடும். காஸ்டிக்கை அளந்து மெஷினுக்குள் தள்ளுகிற டோசிங் பம்ப் இன்னும் பலசாலி. லைனைக் கழுவுவதற்காக டோசிங் பைப்பில் நிரந்தரமாக ஒரு தண்ணீர் இணைப்பு கொடுத்திருப்பார்கள். பம்ப் ஓடும்போது அந்த வால்வைச் சரியாக மூடாமல் விட்டால், பம்ப் மெஷினுக்கும் அனுப்பும், உங்கள் தண்ணீர் ஹெடருக்கும் அனுப்பும்.

அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதைத் தட்டிப் பேசாதீர்கள். அவர் தொழில் கற்ற காலத்தில் திறந்த வின்ச்சும் தொட்டியும்தான். தண்ணீர்க் குழாய் தொட்டி விளிம்புக்கு மேலே தொங்கும். தண்ணீர் காற்றைக் கடந்து கீழே விழும். குழாயும் சாயமும் ஒன்றையொன்று தொட வழியே இருக்காது. யாரும் திட்டம் போட்டுச் செய்த பாதுகாப்பல்ல, அமைப்பே அப்படி. மூடிய மெஷின்கள், ஆட்டோ டோசிங், ஆடிஷன் டேங்க் (கரைத்த சாயத்தையும் கெமிக்கலையும் மெஷினுக்குள் சேர்க்கிற டேங்க்) எல்லாம் வந்தபோது அந்த இடைவெளி காணாமல் போனது. அந்த இடத்துக்கு வந்ததுதான் என்.ஆர்.வி.

என்.ஆர்.வி. மீது எனக்குப் பகை ஒன்றுமில்லை. பம்ப் நின்றதும் தண்ணீர் திரும்பி வந்து பம்பைப் பின்னோக்கிச் சுழற்றாமல் தடுக்க அது நல்ல பொருள். ஆனால் சொட்டு விடாமல் நிறுத்த வேண்டிய இடத்தில் அதை நம்பக்கூடாது. பலமாகத் திரும்பி வந்தால்தான் அதன் பலகை சீட்டில் அழுந்தி உட்காரும். மெதுவாகக் கசிந்து திரும்புவதை விட்டுவிடும். உங்கள் பட்டறையில் பஞ்சு, உப்பு, போர் தண்ணீரின் சுண்ணாம்புப் படிவு மூன்றும் உண்டு. புது என்.ஆர்.வி. மூன்று வாரத்தில் கசிந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. எல்லாவற்றையும்விட மோசம், அது கெட்டுப்போனது யாருக்கும் தெரியாது. வெளியே ஒரு சொட்டும் விழாது.

இரண்டு போட்டால்? முதலாவதில் மாட்டிய அதே பஞ்சு இரண்டாவதிலும் மாட்டும். 1962இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஒரு ரசாயன ஆலையில், ரியாக்டரிலிருந்து அம்மோனியா பின்னோக்கி வந்து எத்திலீன் ஆக்சைடு டேங்குக்குள் புகுந்தது. வழியில் வரிசையாகப் பல என்.ஆர்.வி.கள் இருந்தன, ஒரு பம்பும் இருந்தது. எல்லாவற்றையும் தாண்டிப் போனது. டேங்க் வெடித்தது. பம்பை எப்படித் தாண்டியது தெரியுமா? பம்புக்குப் பாதுகாப்பாக வைத்திருந்த, அழுத்தம் மிகுந்தால் திறக்கிற ரிலீஃப் வால்வு, உறிஞ்சும் பக்கத்து லைனிலேயே திறக்கும்படி அமைத்திருந்தார்கள்; அதன் வழியாகத்தான். உங்கள் டோசிங் பம்பிலும் அதே மாதிரி ஒரு ரிலீஃப் பைப் இருக்கும். அது எங்கே போய்ச் சேருகிறது என்று கையால் தொட்டுக்கொண்டே நடந்து பாருங்கள்.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான். தண்ணீர் லைனும் கெமிக்கலும் தொட்டுக்கொள்கிற இடங்களைக் கண்டுபிடியுங்கள். முடிகிற இடத்திலெல்லாம் அந்தத் தொடர்பை அறுத்துவிடுங்கள். முடியாத இடத்துக்கு மட்டும் வால்வைப் பற்றி யோசிக்கலாம்.

கண்டுபிடிப்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். மெஷின் எல்லாம் நிற்கட்டும். ஓஸ் முங்குகிற டேங்குகள், டிரம்கள், ஆடிஷன் டேங்குகள் எல்லாவற்றிலும் கெமிக்கலை எடுத்துவிட்டு வெறும் தண்ணீர் நிரப்புங்கள். கெமிக்கலை வைத்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. ஒவ்வொன்றிலும் மட்டத்தைச் சாக்பீஸால் கோடு போடுங்கள். வழக்கமாக ஓஸ் கிடக்கிற மாதிரியே கிடக்கட்டும், குழாய் திறந்தபடியே இருக்கட்டும். இப்போது டேங்கிலிருந்து வரும் மெயின் வால்வை மூடிவிட்டு, இருப்பதிலேயே தாழ்வான குழாயைத் திறந்துவிடுங்கள். எந்தக் கோட்டுக்குக் கீழே மட்டம் இறங்குகிறதோ அதுதான் உறிஞ்சுகிற இடம். தள்ளுகிற இடம் இதில் தெரியாது. அதற்கு வேலை நாளில் ஒவ்வொரு மெஷினும் சூடேறும்போது அதன் தண்ணீர் இன்லெட் பைப்பைப் பாருங்கள். ஃபில்லிங் முடிந்து வெகுநேரம் ஆகியும் வால்வுக்கு முன்னால் பைப் சூடாக இருந்தால் சீட் கசிகிறது. பி.எச். பேப்பர் ஒரு கட்டு வாங்கிச் சூப்பர்வைசர் பையில் போட்டுவிடுங்கள். இந்த வேலைக்கு அதைவிட மலிவான கருவி கிடையாது.

உங்கள் கடிதத்தை வைத்துச் சொன்னால், என் சந்தேகம் கலர் கிச்சன் ஓஸ் மீதும், ஆடிஷன் டேங்குகளில் விளிம்புக்குக் கீழே இறங்கியிருக்கும் இன்லெட் பைப்புகள் மீதும்தான். சாயமும் காரமும் சேர்ந்து இருக்கிற இடம் அவை. நடந்ததும் கரண்ட் போன நேரத்தில்.

திறந்த டேங்க் எதுவானாலும் மருந்து ஒன்றே: காற்று இடைவெளி. குழாயின் வாய் டேங்கின் விளிம்புக்கு மேலே, குழாயின் உள்விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு உயரத்தில் நிற்க வேண்டும்; எவ்வளவு சின்னக் குழாயானாலும் 25 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. இரண்டு இஞ்ச் குழாய்க்கு நாலு இஞ்ச். தண்ணீர் மட்டத்திலிருந்து அளக்காதீர்கள், டேங்க் நிரம்பி வழிகிற விளிம்பிலிருந்து அளங்கள். இதில் ரப்பர் இல்லை, ஸ்பிரிங் இல்லை, கெட்டுப்போக ஒன்றுமே இல்லை. ஒரே எதிரி நம் ஆட்கள்தான். தண்ணீர் தெறிக்கிறது என்று ஒரு முழம் ஓஸை வாயில் மாட்டி உள்ளே இறக்கிவிடுவார்கள். ஒரு வாரத்தில் இடைவெளி போயிருக்கும். அதனால் குழாய் முனையில் மரையும் வேண்டாம், ஓஸ் நிப்பிளும் வேண்டாம். முனையைச் சாய்வாக வெட்டி, சுற்றிலும் ஒரு தகட்டு மறைப்பை வெல்டிங் வைத்துவிடுங்கள். தெறிக்காது, மாட்டவும் முடியாது.

கேன்டீன், கை கழுவும் இடம், கண் கழுவும் குழாய் எல்லாவற்றுக்கும் மெஷின் ஹெடரோடு எந்த உறவும் இல்லாத தனி டேங்க் வையுங்கள். அந்த டேங்குக்குத் தண்ணீர் ஏறுவதும் மேலிருந்து விழுகிற மாதிரிதான் இருக்க வேண்டும். இதை இந்த மாதமே செய்யலாம். மற்ற வேலைகள் தீபாவளி லீவு வரைக்கும் தாங்கும்.

மூடிய மெஷினில் காற்று இடைவெளி வைக்க முடியாது. அங்கே இரண்டு வால்வு, நடுவில் வெளியே திறக்கிற ஒரு டிரெயின் வால்வு என்று அமையுங்கள். ஃபில்லிங் முடிந்ததும் இரண்டும் மூடி, நடு டிரெயின் திறக்க வேண்டும். மெஷின் பக்கத்து வால்வு கசிந்தால் சாயம் தண்ணீர் லைனுக்குப் போகாமல் தரையில் சொட்டும். சொட்டுவது எல்லோர் கண்ணிலும் படும். மூன்றும் ஒரே சிக்னலில் இயங்கும்படி உங்கள் மெஷின் புரோகிராமில் சேர்க்கலாம், பெரிய வேலையில்லை. அந்த டிரெயின் தண்ணீர் ஈ.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) கால்வாய்க்குப் போகட்டும், வாய் கால்வாய்க்குள் முங்காமல் மேலே தெரியும்படி நிற்கட்டும்.

டோசிங் லைன் கழுவுவதற்கான நிரந்தர இணைப்பைக் கழற்றி எறியுங்கள். கழுவ வேண்டிய நேரத்தில் மட்டும் மாட்டுகிற ஓஸ் போதும், வேலை முடிந்ததும் அது சுவரில் தொங்க வேண்டும். காஸ்டிக், ஆசிட், பெராக்சைடு மூன்றுக்கும் கப்ளிங் அளவை வேறு வேறாக வையுங்கள். பெராக்சைடு லைனில் காஸ்டிக்கோ துருவோ போனால் அது சிதைந்து ஆக்சிஜனை வெளியேற்றிச் சூடேறும். இரண்டு மூடிய வால்வுக்கு நடுவில் அது சிக்கிக்கொண்டால் பைப்பே வெடிக்கலாம். சலவைப் பக்கம் ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) வைத்திருந்தால் ஆசிட் அதோடு சேரவே கூடாது, குளோரின் வாயு வரும்.

பாய்லர் நுரைக்கு வருகிறேன். இதையும் நீலத் தண்ணீரையும் நீங்கள் இரண்டு பிரச்சினையாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே ஜாதி. மெஷினின் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் (ஸ்டீமின் சூட்டைச் சாயத் தண்ணீருக்கு மாற்றுகிற குழாய்களில்) ஊசித்துளை அளவுக்கு ஓட்டை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீம் ஓடும்போது ஸ்டீம்தான் சாயத்துக்குள் போகும், யாருக்கும் தெரியாது. ஸ்டீமை நிறுத்தியதும் உள்ளே இருக்கும் ஸ்டீம் குளிர்ந்து தண்ணீராகும். வெளிக்காற்றழுத்தத்தில் ஸ்டீமின் பருமன் தண்ணீரைப்போல் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல். அது சுருங்கும்போது குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகும். அந்த வெற்றிடம் ஓட்டை வழியாகச் சாயத் தண்ணீரை உறிஞ்சும். அடுத்த முறை ஸ்டீம் திறந்ததும் அதெல்லாம் ஸ்டீம் டிராப் வழியாகக் கண்டென்சேட் (ஸ்டீம் குளிர்ந்த தண்ணீர்) டேங்குக்கு, அங்கிருந்து பாய்லருக்கு. கருநீலம் மாதிரி அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60, 80 கிராம் உப்புப் போடுகிறீர்கள், சோடா வேறு. பாய்லர் நுரைக்காமல் என்ன செய்யும்? அந்த உப்பிலிருக்கும் குளோரைடுதான் சூட்டில் ஸ்டெயின்லெஸ் குழாயை அரித்து ஓட்டையும் போடுகிறது.

இதற்கு எக்ஸ்சேஞ்சர் ஒவ்வொன்றையும் பிரஷர் டெஸ்ட் பண்ணுங்கள். ஸ்டீம் லைனில் கன்ட்ரோல் வால்வுக்கு அப்புறம் ஒரு வேக்குவம் பிரேக்கர் போடுங்கள்; சின்னப் பொருள், வெற்றிடம் உண்டாகும் முன் காற்றை உள்ளே விட்டுவிடும். கண்டென்சேட் திரும்புகிற லைனில் தண்ணீரில் உப்பு ஏறுவதைக் காட்டுகிற கண்டக்டிவிட்டி மீட்டர் ஒன்று வைத்து, அளவு ஏறினால் தானாகவே ஈ.டி.பி.க்குத் திருப்புகிற வால்வு வையுங்கள். பாய்லர் டியூபின் விலையைத் தெரிந்த உங்கள் அப்பா இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார். டேங்குக்குள் நேரடியாக ஸ்டீம் விடுகிற பைப் எங்கேயாவது இருந்தால் அங்கே ஓட்டைகூட வேண்டாம், பைப்பே திறந்த வாய். வேக்குவம் பிரேக்கர் அங்கே கட்டாயம்.

ஏர் லைனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. டேங்குக்குள் ஏர் பைப்பை இறக்கிக் கரைசலைக் கலக்குகிற பழக்கம் உங்களிடம் உண்டா? கம்ப்ரஸர் நின்றதும் காஸ்டிக் அதில் ஏறும். அதே ஏர் ஓஸைப் பிடித்து உடம்பில் ஒட்டிய பஞ்சை ஊதிக்கொள்வது நம் ஊர் வழக்கம். ஏர் கலக்கலை நிறுத்திவிட்டு மோட்டார் வைத்த ஸ்டிரர் மாட்டிவிடுங்கள்.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்ப எடுத்துக்கொள்கிற முறைக்கு ஊரே மாறியது. நல்லதுதான். ஆனால் போர் தண்ணீர், லாரித் தண்ணீர், குடிநீர் இணைப்பு, திரும்பி வருகிற ஆர்.ஓ. தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று ஐந்து வகைப் பைப் ஒரே சுவரில் ஓடுகிறது. எல்லாமே ஒரே நிறப் பி.வி.சி. அவசரத்துக்கு ஒரு லைனை இன்னொன்றோடு யாரோ ஒருநாள் இணைத்திருப்பார். அவர் வேலையை விட்டே போயிருப்பார், இணைப்பு இருக்கும். இந்தியத் தர நிர்ணயத்தில் தண்ணீருக்குக் கடல் பச்சை, காற்றுக்கு வானநீலம் என்று பைப்புகளுக்கு நிறம் உண்டு, பெயின்ட் அடியுங்கள். குடிநீர்க் குழாயில், தொழிலாளர்களில் பெரும்பாலானோருக்குப் புரிகிற மொழியில் எழுதி வைக்கச் சொன்னது, 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 18ஆம் பிரிவு. உங்கள் ஃப்ளோரில் இன்று அது இந்தியாகவும் ஒடியாவாகவும்கூட இருக்கலாம்.

கடைசியாக, கடைக்காரர் காட்டும் இறக்குமதி வால்வு. அவர் சொல்வது ஆர்.பி.இசட். என்கிற வகையாக இருந்தால், அது நல்ல பொருள்தான். உள்ளே இரண்டு செக் வால்வு, நடுவில் ஒரு ரிலீஃப். எது கசிந்தாலும் தண்ணீர் வெளியே கொட்டிக் காட்டிக்கொடுக்கும். ஆனால் அதைக் கடக்கிற தண்ணீர் அரை பாருக்கு மேல் அழுத்தத்தை இழக்கும். உங்களிடம் இருப்பதே ஒரு பார். மெஷின் ஹெடரில் அதைப் போட்டால் ஃபில்லிங் நேரம் இழுத்துக்கொண்டே போகும். பத்தாவது நாள் யாராவது பைபாஸ் போட்டுவிடுவார்கள்.

அது பொருந்துகிற ஒரே இடம், வெளியிலிருந்து குடிநீர் இணைப்பு உள்ளே வருகிற வாசல், அதுவும் அந்தத் தண்ணீர் சம்ப்பில் மேலிருந்து விழாமல் நேரே லைனில் சேர்ந்தால் மட்டும். அந்த வாசலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2016 டிசம்பரில் அமெரிக்காவின் கார்ப்பஸ் கிறிஸ்டி நகரில், ஒரு தொழிற்கூடத்திலிருந்து கெமிக்கல் பின்னோக்கி நகரக் குடிநீரில் கலந்திருக்கலாம் என்று தெரிந்து, சுமார் மூன்று லட்சம் பேர் குழாய்த் தண்ணீரைத் தொட வேண்டாம் என்று நகராட்சி சொன்னது. நாலு நாள் ஆனது அது தீர. உங்கள் இணைப்பு சம்ப்பில் மேலிருந்து விழுமானால் ஆர்.பி.இசட். கூட வேண்டாம்.

அப்படியும் வாங்குவதென்றால் கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். சோதனைக்குக் கேஜ் மாட்டுகிற டெஸ்ட் காக் இருக்கிறதா? வருடத்துக்கு ஒருமுறை வந்து கேஜ் வைத்துச் சோதித்துக் கையெழுத்துப் போட்டுக்கொடுக்க ஆள் உண்டா? ரப்பர் கிட் கோயம்புத்தூரிலேயே கிடைக்குமா, மும்பையிலிருந்து வரவேண்டுமா? மூன்றுக்கும் நேரடியாகப் பதில் சொன்னால் வாங்குங்கள். மாட்டும்போது குழிக்குள் வைக்காமல் தரைக்கு மேலே, முன்னால் தூசியை வடிகட்டுகிற ஒரு ஸ்டிரெய்னரோடு மாட்டச் சொல்லுங்கள்.